கையெழுத்தா, தற்குறியா?

ஒரு நாளைக்கு எத்தனை முறை அந்தக் கேள்வியைக் கேட்டேன் என்று எனக்கே தெரியாது. தலையைத் தூக்காமல் கேட்பேன். பேனா முனையை மசிக்கூட்டில் தோய்த்துக்கொண்டே, அடுத்த பத்திரத்தை இடது கையால் இழுத்துக்கொண்டே, சன்னல் வழியாக அரசலாற்றுக் காற்று வந்து தாள்களைக் கிளப்பினால் முழங்கையால் அமுக்கிக்கொண்டே கேட்பேன்.

"கையெழுத்தா, தற்குறியா?"

எதிரில் நிற்பவர்கள் பெரும்பாலும் சிரிப்பார்கள். அது ஒரு மாதிரிச் சிரிப்பு. கால் தடுக்கி விழுந்தவன் எழுந்து, யாரும் பார்த்துவிட்டார்களோ என்று சுற்றிலும் பார்த்துவிட்டுச் சிரிப்பானே, அது. "நமக்கு ஏதுங்க கையெழுத்து" என்பார் திருநள்ளாற்றுப் பக்கத்து விவசாயி. முழங்காலில் வயல்சேறு காய்ந்து வெடித்திருக்கும். "தற்குறிதான் சாமி, நீங்களே போட்டுக்கங்க" என்பார் திருவேட்டக்குடியிலிருந்து வந்த மீனவர். நான் போட்டுக்கொள்வேன்.

காரைக்காலில் மூவர்ணத் துணி இறங்கி வேறொரு மூவர்ணம் ஏறிய மறு வருஷம் அது. கொடி மாறியதே தவிர, பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன நாற்காலிகள் அப்படியே இருந்தன, சட்டமும் அப்படியே இருந்தது. வீடு, மனை, நிலம் எது கைமாறினாலும் பத்திரம் எழுதிக் காப்பவருக்கு நொத்தேர் என்று பெயர். அப்படி ஒரு நொத்தேர் ஐயாவிடம் நான் எழுத்தன். வயது இருபத்து மூன்று. பிரெவே என்ற பிரெஞ்சுப் பள்ளிப் பரீட்சை தேறியவன். மண்டபத்தூர் குப்பத்திலிருந்து செருப்புப் போட்டுக்கொண்டு உத்தியோகத்துக்குப் போன முதல் ஆள். அந்தச் செருப்பை ஊர் எல்லை தாண்டும்வரை கையில் பிடித்திருப்பேன். மணல் ஏறினால் தேயும் என்று அம்மாவிடம் சொல்வேன். உண்மை அதுவல்ல. குப்பத்தில் செருப்போடு நடக்கக் கூச்சம், டவுனில் செருப்பில்லாமல் நடக்கக் கூச்சம். இரண்டு கூச்சங்களுக்கு நடுவில்தான் என் இருபதுகள் கழிந்தன.

இப்போது எனக்கு நாற்பத்தேழு. சொற்களோடு கிடக்கிறவன். ஒரு சொல் பிடித்துக்கொண்டால் நாலு நாள் தூக்கம் போகும். போன வாரம் பஸ்ஸில் ஒருத்தர் தன் மகனை "தற்குறி, தற்குறி" என்று திட்டிக்கொண்டு வந்தார். டிக்கெட்டைத் தொலைத்துவிட்டானாம். அந்தச் சொல் என் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்துகொண்டது. இன்னும் இறங்கவில்லை.

தானே இட்ட குறி. அவ்வளவுதான் அந்தச் சொல். எழுதத் தெரியாதவர் தன் பெயருக்குப் பதிலாகத் தன் கையால் இடும் கீறல். யோசித்தால் அதில் ஒரு கௌரவம்கூட இருக்கிறது. ஆனால் அது காகிதத்தில் நிற்கவில்லை. கீறலிலிருந்து கீறியவரின் மேல் ஏறியது. "இவர் இட்டது தற்குறி" என்பது "இவர் தற்குறி" என்று ஆயிற்று. பிறகு தெருவுக்கு இறங்கியது. படிக்காதவன் என்றால் ஒன்று குறைகிறது என்று பொருள். தற்குறி என்றால் ஆளே குறை. நான் உத்தியோகத்துக்குப் போன காலத்தில் யாரும் யாரையும் அந்தச் சொல்லால் அடிக்கலாம், திருப்பி அடிக்க அதைவிடப் பெரிய சொல் கிடையாது.

இதில் எனக்கு வெட்கம் என்னவென்றால், குறி என்றால் என்னவென்று அந்த அலுவலகத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் யாரும் இருந்திருக்க முடியாது. அப்பாவின் கட்டுமரத்தில் ஒரு கீறல் உண்டு. மூன்று சாய்ந்த வெட்டு, நடுவெட்டின் தலையில் ஒரு குறுக்கு. அரிவாளால் போட்டது. புயல் காலத்தில் மரம் அறுத்துக்கொண்டு போய் எங்கோ கரை ஒதுங்கும். அந்தக் கரைக்காரர்கள் கீறலைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது மண்டபத்தூர் மரம், இன்னார் மரம்" என்று ஆள் அனுப்புவார்கள். அப்பாவுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் கரை முழுக்க அவரை வாசித்தது.

இதெல்லாம் தெரிந்திருந்தும் அலுவலகத்தில் எல்லாருக்கும் ஒரே பெருக்கல் குறிதான் போட்டேன். வழக்கம் அது. எழுதத் தெரியாதவர் பேனாவின் மேல்முனையை ஒரு விரலால் தொட்டுக் கொடுப்பார். தொட்ட பேனாவால் எழுத்தன் பெருக்கல் குறி போடுவான். அதைச் சுற்றிப் பெயரை எழுதி, கீழே அச்சடித்தது மாதிரி ஒரு வாசகம்: "வாசித்துக் காட்டியதில் சம்மதித்து, தமக்குக் கையெழுத்திடத் தெரியாதெனச் சொன்னபடியால், தற்குறி." கை வேறு, குறி வேறு. எல்லாக் குறியும் என் குறி. இதில் தவறு இருப்பதாக யாருக்கும் தோன்றியதில்லை. எனக்கும்.

அந்த வருஷம் ஒரு முஸ்லிம் வீட்டுப் பத்திரம் வந்தது.

வீட்டுக்காரர் சைகோனில் கடை வைத்திருந்தவர். அங்கேயே இறந்துபோனார். தந்தி வந்தது. மனைவிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஒரே மகள், பதினேழு வயது, கல்யாணம் பேசி முடித்திருந்தது. எங்கள் ஊர் முஸ்லிம் குடும்பங்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். ஆகவே வீடு பெண்ணுக்கு. வீடு இல்லையென்றால் கல்யாணம் இல்லை, பேச்சே அத்தோடு நின்றுவிடும். இறந்தவரின் தம்பிக்கும் அந்தச் சொத்தில் பங்கு உண்டு. இரண்டு பக்கமும் உட்கார்ந்து சுமுகமாகவே பேசி முடித்திருந்தார்கள். தெருவாசலிலிருந்து கிணறு வரை உள்ள வீடு பெண்ணுக்கு. கிணற்றுக்கு மேற்கே பழைய கிடங்கும் வாய்க்கால் வரைக்கும் உள்ள மனையும் தம்பிக்கு. தம்பிக்குப் போகிற பகுதியை அந்த அம்மாள் விட்டுக்கொடுப்பதாக ஒரு பத்திரம். அதை நான் எழுதினேன்.

எழுதினேன் என்றால், பழைய பத்திரத்தை எதிரில் வைத்துப் பார்த்து எழுதினேன். நாற்புற எல்லை சொல்லும் இடம் வந்தது. கிழக்கே கிணறு என்று எழுத வேண்டும். பழைய பத்திரத்தில் கிழக்கே தெரு என்று இருந்தது. கை பழைய பத்திரத்தைப் பார்த்தே ஓடியது. கிழக்கே தெரு, மேற்கே வாய்க்கால். முடிந்தது. ஒரு சொல்லில் வீடு முழுவதும் கிணற்றோடு சேர்ந்து தம்பியின் பக்கம் போய்விட்டது. எனக்குத் தெரியாது. மசியை ஒற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அந்த அம்மாள் இத்தாவில் இருந்தார். கணவன் இறந்தால் நாலு மாதமும் பத்து நாளும் வெளியே வராமல், வெளி ஆண்களின் கண்ணில் படாமல் இருக்கும் காலம் அது. அதனால் நொத்தேர் ஐயா என்னை வீட்டுக்கே அனுப்பினார். முன்கட்டில் ஒரு பச்சைத் திரை. திரைக்கு இந்தப் பக்கம் நாற்காலியில் கொழுந்தனார், பனை விசிறியோடு. கலகலப்பான மனுஷர். எனக்கு நன்னாரித் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பிறகு திரையைப் பார்த்து அண்ணன் மனைவியிடம் சொன்னார்:

"மச்சி, பேசினது பேசினபடிதான். வீடும் கெணறும் நம்ம பொண்ணுக்கு. கெணத்துக்கு மேக்கே எனக்கு. சரிதானே?"

"சரிதான் கொழுந்தனாரே" என்றது திரை. "எழுத்தும் அப்படியே இருக்கட்டும்."

நான் வாசிக்க ஆரம்பித்தேன். திரைக்குப் பின்னால் ஏதோ கீறுகிற சத்தம். மெலிதாக, விட்டு விட்டு. பல்லியோ, இல்லை கோழி கிளறுகிறதோ என்று நினைத்தேன்.

"தம்பி, கொஞ்சம் மெல்ல வாசிங்க."

இரண்டு வரி மெல்ல வாசித்தேன். மூன்றாவது வரியில் பழைய வேகம் வந்துவிட்டது. உச்சி வெயில், வயிறு கத்தியது. அலுவலகத்தில் இன்னும் மூன்று பேர் காத்திருந்தார்கள். எல்லைகள் எழுதிய இடம் வந்தது. "நாற்புற எல்லை இத்யாதி" என்று சொல்லித் தாளைத் திருப்பினேன். திருப்பும்போது மனதில் ஓடியதை இன்று மறைத்து என்ன பயன்? தற்குறிக்கு எல்லை வாசித்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். அந்த நேரத்தில் அந்தச் சொல் எனக்குள் அவ்வளவு சாதாரணமாக இருந்தது.

அதனால் அவரிடம் எதையும் கேட்கவும் இல்லை. கையெழுத்தா தற்குறியா என்ற என் வழக்கமான கேள்வியைக்கூடக் கேட்கவில்லை. திரைக்குப் பின்னால் இருக்கும் பெண்ணிடம் கேட்பானேன்? பேனாவைத் திரையின் ஓரத்தில் நீட்டினேன். ஒரு கை வந்தது. வளையல் இல்லாத கை. பேனாவைத் தொடத் தயங்கியது.

"தொட்டுக் குடுத்தாப் போதுங்க" என்றேன்.

"போதுமா?"

"போதும்."

தொட்டது. ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு கறை பார்த்தேன். அடுப்புக்கரி என்று நினைத்துக்கொண்டேன். பெருக்கல் குறி போட்டு, நகல் ஒன்றைத் திரைக்கு அடியில் வைத்துவிட்டு, வெயிலில் இறங்கி நடந்தேன்.

சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். அம்மா மீன்கூடையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். திரையிலிருந்து வந்த கையைப் பற்றி, அது தயங்கியதைப் பற்றி, வேடிக்கையாகத்தான் சொன்னேன்.

"முழுக்க வாசிச்சியாடா?"

"வாசிச்சா மட்டும் என்னம்மா? எல்லாம் ஒண்ணுதான்."

அம்மா கூடையை நிமிர்த்தினாள். "நான் கூடையில மேல நாலு நல்ல மீனை வச்சுக் காட்டிட்டு, அடியில இருக்கிறதக் காட்டாம வித்தேன்னு வை. அந்தத் தெருப் பொம்பளைங்க என் முந்தானையப் புடிச்சு உலுக்கிருவாளுங்க. கத்துவாளுங்க, தெருவே கூடும். ஒன்ன உலுக்க ஆள் இல்ல, அதான் ஒனக்கு."

"நீ சும்மா இரும்மா. ஒனக்கு என்ன தெரியும் பத்திரம்?"

"எனக்கு மீன் தெரியும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்று எனக்கு அது அதிகப் பேச்சாகத்தான் பட்டது.

இத்தா முடிந்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ, நான் பத்திரங்களுக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தபோது அலுவலக வாசலில் வெள்ளைத் துப்பட்டி ஒன்று வந்து நின்றது. தலையிலிருந்து பாதம் வரை வெள்ளை, முகத்தில் பாதி தெரிந்தது. கூடவே மகள். பின்னால் கொழுந்தனார், வர மனமில்லாத நடையில். குரலைக் கேட்டதும்தான் யாரென்று தெரிந்தது.

"நொத்தேர் ஐயா இருக்காங்களா?"

ஐயா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்காரச் சொன்னார். அந்த அம்மாள் உட்காரவில்லை. மகள் பெண்பிள்ளைப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள். நான் வைத்துவிட்டுப்போன நகலை எழுத்தெழுத்தாகக் கூட்டி உம்மாவுக்கு வாசித்திருக்கிறாள். கிழக்கே தெரு என்று வந்ததும் இரண்டு பேரும் மறுபடி மறுபடி வாசித்திருக்கிறார்கள். தெரு என்றுதான் இருந்தது.

"கெணறுன்னு இருக்கணும்ங்க ஐயா. தெருன்னு இருக்கு. எம்பொண்ணு நிக்காஹுக்கு இருபது நாள் இருக்கு. வீடு யாருதுன்னு மாப்பிள்ளை வீட்டுல கேட்டா நான் எதைக் காட்டுறது?"

ஐயா என்னைப் பார்த்தார். நான் என் மேசையைப் பார்த்தேன்.

கொழுந்தனார் தொண்டையைச் செருமினார். கெட்டவர் இல்லை அவர். ஆனால் கைக்கு வந்த முழு வீட்டை உடனே தள்ளிவிட யாருக்குத்தான் கை வரும்? "நானா எழுதினேன் மச்சி? ஆபீஸ்ல எழுதினது. எழுத்து எழுத்துதானே. நீங்களும் பேனாவத் தொட்டுக் குடுத்திருக்கீங்க."

"எழுத்து எழுத்துதான். நானும் அதத்தான் சொல்ல வந்தேன்" என்றார் அந்த அம்மாள். மகளிடம் நகலைக் கொடுத்து, "கடைசி வரிய வாசி" என்றார்.

பெண் வாசித்தாள்: "தமக்குக் கையெழுத்திடத் தெரியாதெனச் சொன்னபடியால், தற்குறி."

"இதை நான் எப்பங்க சொன்னேன்?"

"அது ஒரு வாசகம்மா" என்றார் ஐயா. "வழக்கமா எழுதறது."

"வழக்கத்துக்கு வாய் இருக்கா, சொல்றதுக்கு?"

அலுவலகத்தில் வேறு வேலையாக உட்கார்ந்திருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஐயா கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ உங்களுக்குக் கையெழுத்துத் தெரியுமா?"

அந்த அம்மாள் துணிப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். காக்கி அட்டை, முனைகள் தேய்ந்தது. நமக்குக் கடைசிப் பக்கமாக இருக்கும் பக்கத்திலிருந்து திறந்தார். தாள் முழுக்க அரபு எழுத்து, நெருக்கமாக, நேர்கோட்டில். எறும்பு வரிசை மாதிரி என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். அன்று எனக்கு அது வலைக்கண் மாதிரித் தெரிந்தது. ஒரு கண்கூட அறுந்திருக்கவில்லை.

"ஓதுற புத்தகமா?" என்றார் ஐயா.

"தமிழுங்க. எழுத்துதான் அரபு. எங்க வீட்டுப் பொம்பளைங்க இப்படித்தான் எழுதுவோம். மளிகைச் சாமான், புள்ளை பொறந்த தேதி, காயிதம், எல்லாம்."

கொழுந்தனார் வலுவில்லாமல் சொன்னார், "இத்தாவுல சும்மா உக்காந்த நேரத்துல பழகியிருப்பாங்க."

அந்த அம்மாள் அவர் பக்கம் திரும்பினார். கோபமாகத் திரும்பவில்லை, அதுதான் ஆச்சரியம். "கொழுந்தனாரே, கல்யாணமான நாள்லேருந்து சைகோனுக்கு நான் எழுதின காயிதத்தையெல்லாம் தபால்ல போட்டது யாரு? மழையில நனைஞ்சுபோச்சுன்னு ஒருதரம் திருப்பிக் கொண்டுவந்து, மறுபடி எழுதித் தாங்கன்னு நின்னது யாரு?"

அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார்.

"அன்னிக்கு நடந்ததையும் எழுதி வச்சிருக்கேன். வாசிக்கிறேன்." வலமிருந்து இடமாக விரல் ஓடியது. குரல் எழுதிய வேகத்திலேயே வந்தது. "வியாழக்கெழம, லுஹர் தொழுகைக்கு முந்தி. கொழுந்தனார் சொன்னது: வீடும் கெணறும் நம்ம பொண்ணுக்கு, கெணத்துக்கு மேக்கே எனக்கு. நான் சரின்னேன். எழுத வந்த தம்பி வாசிச்சார். மெல்ல வாசிக்கச் சொன்னேன். ரெண்டு வரி மெல்ல வாசிச்சார். நாலு பக்க எல்லையையும் வாசிக்காம இத்யாதின்னு சொல்லித் தாளைத் திருப்பிட்டார். அவருக்குப் பசி போல."

அப்போதுதான் கீறுகிற சத்தம் எனக்குக் கேட்டது. மூன்று மாதம் தாமதமாக, காதுக்குள். பல்லி இல்லை, கோழி இல்லை. விரலில் இருந்தது கரியும் இல்லை.

அவர் பென்சிலை எடுத்தார். என் மேசை அருகே வந்தார். "தம்பி, நான் எழுதினதுல தப்பு இருந்தா சொல்லுங்க. அடிச்சிடறேன்."

நொத்தேர் ஐயா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எனக்கு வேண்டிய பதில் தயாராக இருந்தது. முழுக்க வாசித்தேன், கேட்டேன், தெரியாது என்றுதான் சொன்னார்கள். மூன்றே வாக்கியம். பத்திரம் நிற்கும், அலுவலகத்தின் பெயர் நிற்கும், என் உத்தியோகம் நிற்கும். வீடு மட்டும் போகும். பென்சில் முனை தாளுக்கு மேல் ஒரு விரற்கடை உயரத்தில் நின்றது. நான் சொன்னால் அடித்துவிடுவார். சத்தியமாக அடித்துவிடுவார். அவர் கேட்டது அப்படிப்பட்ட கேள்வி.

அடிக்கப்போகிற வரி எதுவென்று பார்த்தேன். எனக்கு அந்த எழுத்து தெரியாது. ஆனால் அதில் கடைசியாக என்ன இருக்கிறது என்று இப்போதுதான் கேட்டேன். அவருக்குப் பசி போல. வீட்டைப் பிடுங்கிக்கொண்ட ஒருத்தனுக்கு, அவன் பிடுங்கிக்கொண்டிருக்கும்போதே, உட்கார்ந்து ஒரு காரணம் எழுதி வைத்திருக்கிறார்.

"அடிக்காதீங்கக்கா" என்றேன். "அப்படித்தான். வாசிக்கல. கேக்கவும் இல்ல."

அடுத்து நடந்தது பெரிய சத்தம். ஐயாவுக்கு அவ்வளவு குரல் இருப்பதே அன்றுதான் தெரியும். "பிரெவே படிச்சிருக்கானாம், பிரெவே! பாத்து எழுதத் தெரியல, எழுதினத வாசிக்கத் தெரியல, எதுக்குடா ஒனக்குப் பேனா? தற்குறிப் பயலே!"

அலுவலகம் முழுக்கக் கேட்டது. சிரிப்பை அடக்க மகள் துப்பட்டி ஓரத்தை வாயில் வைத்துக்கொண்டாள். வாழ்க்கையில் என்னை யாரும் அந்தச் சொல்லால் அழைத்ததில்லை. நான்தான் அழைத்துக்கொண்டிருந்தேன். காதுமடல் எரிந்தது. இத்தனை பேர் என் மேசைக்கு முன்னால் நின்று சிரித்த சிரிப்புக்கு அடியில் என்ன எரிந்திருக்கும் என்று அப்போது தெரிந்தது. அந்த எரிச்சல் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. இருக்கட்டும், அதை நான் தணியவிடுவதில்லை.

கொழுந்தனார்தான் முடித்து வைத்தார். நோட்டை ஒருமுறை எட்டிப் பார்த்தார். அவருக்கு அந்த எழுத்து தெரியும். தன் வார்த்தையைத் தன் கண்ணாலேயே படித்தார். "நான் சொன்னதுதான்" என்றார். "மாத்தி எழுதுங்க ஐயா." பிறகு தாங்காமல், "ஏன் மச்சி, அண்ணனுக்கும் இப்படித்தான் ஒண்ணு விடாம எழுதுவீங்களா?"

"ஒண்ணு விடாம."

"அந்த மனுஷன் சைகோன்லயே இருந்தது ஏன்னு இப்பதான் தெரியுது."

அவர் சிரித்தார். அந்த அம்மாளும் சிரித்தார். சிரிப்பின் பாதியில் கண் நிறைந்து துப்பட்டியால் துடைத்துக்கொண்டார்.

பத்திரத்தை அங்கேயே மறுபடி எழுதினேன். எழுதி முடித்து வாசித்தேன். அந்த வாசிப்பை நான் மறக்கமாட்டேன். அவர் பென்சிலோடு உட்கார்ந்துகொண்டார். நான் ஒரு வரி வாசித்ததும், "நில்லுங்க" என்பார். எழுதுவார். தலையசைப்பார். அடுத்த வரி. "கிழக்கே கிணறு." "நில்லுங்க." காற்று வந்து தாளைக் கிளப்பியது. நான் முழங்கையால் அமுக்கவில்லை. கையால் பிடித்துக்கொண்டேன். "மேற்கே வாய்க்கால்." "நில்லுங்க." வடக்கே எண்ணெய்க்கடைக்காரர் சுவர், தெற்கே சந்து. என்னுடைய வாக்கியம் ஒவ்வொன்றும் இன்னொருவர் கைக்குள் போய்ச் சேரும் வரை நான் அடுத்ததைத் தொடவில்லை. நொத்தேர் ஐயா இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். பகல் பதினொன்றுக்கு ஆரம்பித்தது, சாப்பாட்டு நேரம் கடந்து போயிற்று. எனக்குப் பசிக்கவில்லை.

பேனாவை நீட்டினேன். பழக்கத்தில் மேல்முனையை அவர் பக்கம் வைத்து நீட்டியிருந்தேன். சட்டென்று பேனாவை மேசையில் வைத்தேன், அவரே எடுத்துக்கொண்டார். வலதுபுறம் ஆரம்பித்து இடதுபுறம் முடித்தார். மசி காயும்வரை ஊதினார்.

"வாசிங்களேன் தம்பி" என்றார், விளையாட்டாக.

"தெரியாதுங்கக்கா."

"பரவாயில்ல. என் பேருதான். பக்கத்துல ஒங்க எழுத்துல எழுதிக்கங்க. இன்னார் கையெழுத்துன்னு."

கையெழுத்து என்று எழுதினேன். அந்தச் சொல்லை நான் அவ்வளவு கவனமாக அதற்கு முன் எழுதியதில்லை.

இருபது நாளில் நிக்காஹ் நடந்தது. என்னையும் அழைத்திருந்தார்கள். கொழுந்தனாரே வாசலில் நின்று கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். ஒரு பெரிய தாம்பாளத்தில் நெய்ச்சோறு, சுற்றிலும் நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடுகிற வழக்கம். நான் கூச்சத்தில் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து குரல் வந்தது: "அந்த எழுத்துக்காரத் தம்பிக்கு இன்னும் வைங்க. பசி தாங்கமாட்டார்." பந்தி முழுக்கச் சிரித்தது. நானும்தான். கை கழுவ அந்தக் கிணற்றடிக்குத்தான் போனேன். புது மாப்பிள்ளை தண்ணீர் இறைத்து ஊற்றினார்.

அதன்பிறகு நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. "எப்படிப் போடுவீங்க?" என்று கேட்க ஆரம்பித்தேன். பேனாவைத் தொடச் சொல்லாமல் கையில் கொடுத்தேன். முதலில் திகைத்தார்கள். பிறகு போட்டார்கள். திருநள்ளாற்றுக்காரர் ஒருவர் ஏர் வரைந்தார், மாடு எங்கே என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டதும் வெட்கத்தோடு மாடும் வரையப் போனார். ஒரு கிழவி வெறும் வட்டம் போட்டு, "அதான் நான்" என்றாள். "பத்திரமாடா இது, கோலமாடா?" என்று ஐயா தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை. குப்பத்தில் ஒரு மனைக்குப் பத்திரம் எழுத அம்மா வந்தபோது, நான் கேட்பதற்கு முன்பே பேனாவைப் பிடுங்கி மூன்று சாய்ந்த கோடும் ஒரு குறுக்கும் போட்டாள். "முழுக்க வாசிடா" என்றாள். வாசித்தேன்.

எழுத்து என்னை வேறு இடங்களுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. அந்த உத்தியோகத்தை விட்டு வருஷங்கள் ஆகின்றன. இன்றும் எதையாவது எழுதினால் வாய்விட்டு வாசிக்காமல் தாளைத் திருப்புவதில்லை. வரி முடிந்ததும் கொஞ்சம் நிற்பேன். எதிரில் ஒரு பென்சில் எழுதி முடிக்கட்டும் என்று.

அந்த அம்மாள் இப்போது இல்லை. மகளும் பேரப்பிள்ளைகளும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள், கிணறும் இருக்கிறது. நோட்டு இருக்கிறதா என்று நான் கேட்டதில்லை. இருந்தால், ஏதோ ஒரு பெட்டியின் அடியில், வலமிருந்து இடமாக, நான் செய்த தவறு ஒரு வரியும் அதற்கு அவர் எழுதிய காரணம் ஒரு வரியுமாக இருக்கும். எடுத்துக் கொடுத்தாலும் எனக்கு வாசிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் தெரியும்.